எடைக் குறைப்பு ஊசிகள்: வெகோவி, மவுன்ஜாரோ - வேறுபாடு என்ன? நிறுத்தினால் என்ன ஆகும்?

திருவனந்தபுரம்: வாரம் ஒருமுறை செலுத்திக்கொள்ளும் இரண்டு எடைக் குறைப்பு ஊசி மருந்துகள் 2025-ஆம் ஆண்டில் இந்தியச் சந்தைக்கு வந்தன. அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனம் மார்ச் மாதத்தில் மவுன்ஜாரோவையும், டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் நிறுவனம் ஜூன் மாதத்தில் வெகோவியையும் அறிமுகப்படுத்தின. இரண்டில் எது அதிக எடையைக் குறைக்கும் என்பதற்கு ஆய்வுகள் விடையளித்துள்ளன. ஆனால், ஊசியைத் தொடர்ந்து செலுத்திக்கொள்ள இயலுமா என்பதே ஒருவருக்குக் கிடைக்கும் பலனைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றின்படி, கேரளத்தில் 38.1 சதவீதப் பெண்களும் 36.4 சதவீத ஆண்களும் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். தமிழ்நாட்டில் இது முறையே 40.4 மற்றும் 37 சதவீதம். தேசிய அளவில் பெண்களில் 24 சதவீதமாகவும் ஆண்களில் 22.9 சதவீதமாகவும் உள்ளது.

செயல்படும் விதம்

வெகோவியில் உள்ள மருந்து செமாக்ளூடைடு. உணவு உண்டபின் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போல இது செயல்படுகிறது. பசி குறைகிறது, இரைப்பையில் இருந்து உணவு மெதுவாக வெளியேறுவதால் வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கிறது. மவுன்ஜாரோவில் உள்ள டிர்செபடைடு, ஜிஎல்பி-1 உடன் ஜிஐபி என்ற மற்றொரு ஹார்மோனின் பணியையும் செய்கிறது. இரண்டும் வயிறு, தொடை அல்லது மேற்கையில் தோலுக்கு அடியில் செலுத்தப்படுகின்றன. பழைய மருந்தான லிராக்ளூடைடை நாள்தோறும் செலுத்த வேண்டும்.

எடை எவ்வளவு குறையும்?

2021-இல் வெளியான ஆய்வில், 2.4 மி.கி. செமாக்ளூடைடு பெற்றவர்களின் எடை 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. 2022-இல் வெளியான டிர்செபடைடு ஆய்வில், 72 வாரங்களில் 15 மி.கி. அளவு பெற்றவர்களுக்கு 20.9 சதவீதம் குறைந்தது. லிராக்ளூடைடு ஆய்வில் 56 வாரங்களில் 8 சதவீதம் குறைந்தது.

இரு மருந்துகளையும் நேரடியாக ஒப்பிட்ட ஆய்வு 2025 மே மாதம் வெளியானது. நீரிழிவு இல்லாத 751 பேர் பங்கேற்ற அதில், 72 வாரங்களில் டிர்செபடைடு பிரிவில் 20.2 சதவீதமும் செமாக்ளூடைடு பிரிவில் 13.7 சதவீதமும் எடை குறைந்தது. 90 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது முறையே சுமார் 18 கிலோ, 12 கிலோ ஆகும். இவை சராசரிகளே, பலன் ஆளுக்கு ஆள் மாறுபடும்.

இதய நலனைப் பொறுத்தவரை செமாக்ளூடைடுக்குத் தனிச் சான்று உள்ளது. இதய நோயும் அதிக எடையும் கொண்ட, நீரிழிவு இல்லாத 17,604 பேரிடம் நடந்த ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றின் அபாயம் 20 சதவீதம் குறைந்தது.

நிறுத்தினால்?

செமாக்ளூடைடு ஆய்வில் பங்கேற்ற 327 பேர், மருந்தை நிறுத்திய பின்னும் கண்காணிக்கப்பட்டனர். 17.3 சதவீத எடையை இழந்திருந்த அவர்கள், ஓராண்டுக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கை மீண்டும் பெற்றனர். டிர்செபடைடை நிறுத்தியவர்களிடமும் எடை மீண்டும் ஏறியது. உடல் பருமன் நீடித்த நோய் என்பதால், இரத்த அழுத்த மாத்திரை போல இந்த ஊசியும் நீண்டகாலச் சிகிச்சையாகவே கருதப்படுகிறது. உலக சுகாதார அமைப்பு 2025 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் நீண்டகாலப் பயன்பாட்டையே நிபந்தனைகளுடன் பரிந்துரைக்கிறது.

செலவு

அறிமுக விலையின்படி மவுன்ஜாரோ 2.5 மி.கி. குப்பி ரூ.3,500, 5 மி.கி. குப்பி ரூ.4,375. ஒரு குப்பி ஒரு வாரத்திற்கானது. 5 மி.கி. அளவை ஓராண்டு தொடர்ந்தால் ரூ.2,27,500 ஆகும். வெகோவியின் தொடக்க அளவு மாதம் ரூ.17,345 ஆகவும், உச்ச அளவான 2.4 மி.கி. ரூ.26,015 ஆகவும் இருந்தன. 2025 நவம்பரில் இவை முறையே ரூ.10,850, ரூ.16,400 எனக் குறைக்கப்பட்டன. செமாக்ளூடைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச்சில் முடிந்ததால், உள்நாட்டு நிறுவனங்களின் ஜெனரிக் மருந்துகளுக்கு வழி திறந்தது.

குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகவே அளவு உயர்த்தப்படும். வெகோவியின் உச்ச அளவை எட்ட 16 வாரங்கள் ஆகும். அளவு உயரும்போது செலவும் உயரும் என்பதால், முதல் மாத விலையை மட்டும் வைத்துக் கணக்கிடுவது போதாது.

யாருக்கு ஏற்றது?

உடல் நிறை குறியீட்டெண் 30 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கும், 27 அல்லது அதற்கு மேல் இருந்து நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்ற பாதிப்பு உள்ளவர்களுக்கும் உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சியுடன் சேர்த்து இவை பரிந்துரைக்கப்படுகின்றன. மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு கட்டாயம்.

கர்ப்பிணிகளும், தமக்கோ குடும்பத்தினருக்கோ மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களும் இவற்றைப் பயன்படுத்தக் கூடாது. கணைய அழற்சி ஏற்பட்டிருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இன்சுலின் அல்லது சல்போனைல்யூரியா மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவு அபாயகரமாகக் குறையக்கூடும். டிர்செபடைடு, கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கலாம்.

குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியவை பொதுவான பக்கவிளைவுகள். விடாத கடும் வயிற்றுவலி, திடீர்ப் பார்வைக் குறைவு ஆகியவற்றுக்கு உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கொழுப்புடன் தசையும் குறைவதால், மீன், முட்டை, பருப்பு போன்ற புரத உணவும் தசை வலுவூட்டும் பயிற்சியும் அவசியம்.

கடலோர வெப்பத்தில் பாதுகாப்பு

இந்த ஊசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், உறையவிடாமல் வைக்க வேண்டும். திறக்காத மவுன்ஜாரோ குப்பியைக் குளிர்பதனப் பெட்டிக்கு வெளியே 30 டிகிரிக்கு மிகாமல் 21 நாள் வரை வைக்கலாம். ஆனால், விழிஞ்ஞம் உள்ளிட்ட திருவனந்தபுரம் கடலோரத்தில் மார்ச் முதல் மே வரை பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். நகரத்தில் வாங்கி ஊருக்கு எடுத்துச் செல்வோர் குளிர்காப்புப் பையைப் பயன்படுத்துவதும், நீண்ட மின்தடைக்கு மாற்று ஏற்பாடு செய்வதும் நல்லது.

போலி செமாக்ளூடைடு குறித்து உலக சுகாதார அமைப்பு 2024 ஜூனில் எச்சரித்தது. எனவே உரிமம் பெற்ற மருந்துக் கடையில் ரசீதுடன் வாங்கி, தொகுதி எண்ணையும் காலாவதி நாளையும் சரிபார்க்க வேண்டும். சிகிச்சையைத் தொடங்கும் முன்பே, எவ்வளவு காலம் தொடர வேண்டும், ஆண்டுச் செலவு எவ்வளவு, நிறுத்த நேர்ந்தால் என்ன செய்வது ஆகிய மூன்றையும் மருத்துவரிடம் கேட்டறிவது அவசியம்.