இலவச மாத்திரையும் இழந்த கூலியும்

மகாராஜபுரத்தை வெளியூர்க்காரர்கள் சதுரகிரி மலைக்குப் போகும் வழியில் உள்ள ஊர் என்றே அறிவார்கள். அமாவாசை, பௌர்ணமிக்குத் தாணிப்பாறை நோக்கிப் போகும் கூட்டம் இவ்வழியே கடக்கும். நமக்கோ அது வயலிலும் தென்னந்தோப்பிலும் கூலிக்கு உழைக்கும் மக்களின் ஊர். அங்கே ஒருவருக்கு மனம் கலங்கினால் என்ன செலவாகும்?

அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம்தான். ஆனால் திருவில்லிபுத்தூருக்கோ விருதுநகருக்கோ போய்வர ஒரு நாள் போய்விடும். துணைக்கு ஒருவர் வேண்டும். ஆக, இரண்டு கூலி நட்டம். மாத்திரைக்கு மாதம் ஒருமுறை போனால் போதும். பேச்சின் வழியாகத் தரப்படும் உளச்சிகிச்சைக்கோ பெரும்பாலும் வாரந்தோறும் போகவேண்டும். மாதம் நான்கு நாள் என்றால் இருவருக்கும் சேர்த்து எட்டுக் கூலி. நிலமில்லாத குடும்பம் எங்கே போகும்?

தென்மாவட்டத்து ஏழைகள் சாதி, மத வேறுபாடின்றி நெடுங்காலமாகப் போன இடங்களில் ஒன்று ஏர்வாடி தர்கா. அதைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. குடும்பங்கள் பணம் கட்டி நோயாளியை விட்டுவந்தன. கவனித்துக்கொள்ள ஆள் வைத்தால் சம்பளம் தரவேண்டும். சங்கிலிக்குச் சம்பளம் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அப்படியொரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை முற்றாகத் தடை செய்தது.

மருத்துவத்தை மக்களிடம் கொண்டுபோக வேண்டும் என்பது அதற்கும் முந்தைய சிந்தனை. தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. கர்நாடகத்தின் பெல்லாரியில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் பணியாளர்களுக்கும் பயிற்சி தந்து சோதித்துப் பார்த்தார்கள். அந்த மாதிரியில் 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் பிறந்தது. இருந்தும் 2015–16 தேசிய மனநல ஆய்வில், மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான சிக்கல்கள் உள்ளவர்களில் சுமார் 85 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை எனத் தெரிந்தது.

'சமூக அளவிலான சிகிச்சைக்குச் செலவு குறைவு' என்கிறார்கள். யாருக்குக் குறைவு? அரசின் கணக்கில் மருத்துவர் சம்பளமும் மருந்து விலையும் உண்டு. நம் மக்கள் இழக்கும் கூலி எந்தப் பத்தியிலும் இல்லை.

அந்தக் கூலியைக் கணக்கில் எடுத்த சட்டம் ஒன்று நம்மிடமே இருக்கிறது, தோழர்களே. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995, விதி 11ஐப் படியுங்கள். பாதிக்கப்பட்டவரும் சாட்சியும் விசாரணைக்கு வந்துபோகப் பயணச் செலவு தரவேண்டும். விவசாயத் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத தினப்படியும் தரவேண்டும். பெண்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகளோடு துணைக்கு வருபவரின் செலவுக்கும் வழி உண்டு. நீதி கேட்டு வருகிறவர் ஒரு நாள் கூலியை இழக்கிறார் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. வீடு எரிந்ததைப் பார்த்துவிட்டுத் தூக்கமின்றித் தவிப்பவர் சிகிச்சைக்கு வரும்போது மட்டும் அந்த இழப்பு ஏன் கண்ணில் படவில்லை?

2017 சட்டத்தின் 18ஆம் பிரிவு, கட்டக்கூடிய செலவில், எட்டும் தொலைவில், சாதிப் பாகுபாடின்றி மனநலச் சிகிச்சை பெறுவது உரிமை என்கிறது. அந்த உரிமையையும் விதி 11இன் நியாயத்தையும் சேர்த்து நாம் கேட்கவேண்டும்: சிகிச்சை நாளுக்குப் பயணச் செலவும் தினப்படியும் கொடு. இல்லையெனில் சிகிச்சையை ஊருக்குக் கொண்டுவா.

கொண்டுவர முடியும். கோவாவில் சங்காத் அமைப்பு உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி தந்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆலோசகர்களாக அமர்த்தியது. அரசு நிலையங்களில் நல்ல பலன் கிடைத்ததை 2010இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. நம் மாநிலத்தில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. மனநலமும் அதே வாசலுக்கு வரட்டும். ஆனால் அந்த வேலைக்குப் போகும் நம் பெண்களுக்குத் 'தன்னார்வலர்' பட்டமும் ஊக்கத்தொகையும் போதாது. முறையான ஊதியம் வேண்டும். இல்லையென்றால் செலவு மறுபடியும் நம் தலையிலேயே விழும்.

அடுத்த கிராம சபைக்குப் போகும்போது இந்த இரண்டு சட்டங்களின் நகலையும் எடுத்துப் போவோம்.