தெரியாததையும் எழுதிவைத்த மாணவர்

1869 பிப்ரவரியில் பெர்லின் மருத்துவ மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ் கணையத்தைப் பற்றிய தம் ஆய்வேட்டை அளித்தார். அப்போது அவருக்கு வயது 21. முயலின் கணையத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர், செரிமான நீர் சுரக்கும் செல்களுக்கு நடுவே வேறொரு வகைச் செல்கள் சின்னஞ்சிறு கூட்டங்களாகச் சிதறிக் கிடப்பதைக் கண்டார். அவற்றின் வடிவையும் அளவையும் நுணுக்கமாக வருணித்தார். அவற்றின் பணி தமக்கு விளங்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

பட்டத்துக்காக எழுதும் ஏட்டில் இப்படி எழுத நெஞ்சுரம் வேண்டும். படைப்பாற்றலை ஆராயும் உளவியலாளர்கள் சொல்லும் குணங்களில் மருத்துவ மாணவருக்கு முதன்மையானது, விடை கிடைக்காத நிலையிலும் கேள்வியைக் கைவிடாமல் வைத்திருக்கும் இந்தப் பொறுமைதான் என்பேன். வைவாவில் ஒரு நொடி தயங்கினாலே மதிப்பெண் போகும் என்று பழகிய பிள்ளைகளிடம் அது மெல்ல மெல்லத் தேய்கிறது.

லாங்கர்ஹான்ஸ் விட்டுச் சென்ற புதிர் வீணாகவில்லை. 1893-இல் பிரெஞ்சு அறிஞர் லாகெஸ் அந்தச் செல் கூட்டங்களுக்கு அவர் பெயரையே சூட்டி, அவை உள்சுரப்புக்கானவையாக இருக்கலாம் என்றார். 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அந்தச் செல் கூட்டங்களின் சுரப்பான இன்சுலின் செலுத்தப்பட்டது.

குணம் இருந்தாலும் உந்துதல் வேண்டுமே! அமெரிக்க உளவியலாளர் தெரசா அமபைல் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்தில் ஈடுபாடுள்ள இளைஞர்களில் ஒரு சாராரைப் புகழ், வருமானம் போன்ற புறக் காரணங்களைச் சற்று நேரம் எண்ணிப் பார்க்கச் செய்தார். அதன்பின் அவர்கள் எழுதிய கவிதைகளில் படைப்புத்திறன் குறைந்திருந்தது. தர வரிசையை ஆண்டுக்கணக்கில் நினைத்தே வாழும் நம் மாணவர்களை எண்ணினால் கவலையாக இருக்கிறது.

லாங்கர்ஹான்ஸை உந்தியது பட்டம் மட்டுமல்ல என்பதற்குப் பிற்கால வாழ்க்கையே சான்று. காசநோய் அவரைப் பேராசிரியர் பணியிலிருந்து விலக்கி மதேரா தீவுக்கு அனுப்பியது. அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே கடற்புழுக்களை ஆராயத் தொடங்கினார். புதிதாகக் கண்ட ஒரு பேரினத்துக்குத் தம் ஆசான் விர்ஹோவின் பெயரை இட்டார். 1888-இல், 41 வயது நிறையச் சில நாள்களே இருக்கையில், அங்கேயே இறந்தார்.

நம் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் திசுவியல் ரெக்கார்டை இளஞ்சிவப்பு, ஊதா பென்சில்களால் அழகாக நிரப்புகிறார்கள். பெரும்பாலும் அது கையேட்டுப் படத்தின் நகல்தான். கண்ணாடித் தகட்டில் அவர்களே கண்டது அதில் இருப்பதில்லை. ஒவ்வொரு ரெக்கார்டிலும் ஒரு பக்கத்தையாவது, பார்த்தும் பெயர் தெரியாதவற்றுக்கு ஒதுக்கலாம். அதற்கு மதிப்பெண் வேண்டாம். ஆசிரியர் படித்துவிட்டு ஒரு கேள்வி எழுதினால் போதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் மாணவர்களுக்கு அளித்துவரும் குறுகிய கால ஆய்வு வாய்ப்புக்கு விண்ணப்பிக்கும் தலைப்பைக்கூட அந்தப் பக்கத்திலிருந்தே எடுக்கலாம்.