செவன் கிங்ஸ் பகுதியின் நிலத்தடி நீர்

செவன் கிங்ஸ், லண்டனின் வடகிழக்கில் ரெட்பிரிட்ஜ் பரோவுக்கு உட்பட்ட, இல்ஃபோர்டை ஒட்டிய குடியிருப்புப் பகுதி. லண்டன் வடிநிலத்தின் முதன்மை நீர்த்தாங்கியான சீமைச்சுண்ணாம்புப் பாறை இதன் அடியிலும் பரந்து கிடக்கிறது. எப்போதும் மழை பெய்யும் ஊர் என்று லண்டன் பெயர் வாங்கியிருந்தாலும், அங்கே ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ. மழைதான் பெய்கிறது. சென்னையில் பெய்யும் சுமார் 1,400 மி.மீ.யில் இது பாதிகூட இல்லை. தூறும் நாட்கள் அதிகம். சேரும் நீர் குறைவு. தொழிற்சாலைகள் இறைத்து இறைத்து வற்றச் செய்த இந்த நீர்த்தாங்கி, அவை மூடப்பட்ட பின் சுரங்க ரயில் பாதைகளை அச்சுறுத்தும் அளவுக்கு ஏறியது. நிலத்தடி நீரைப் பேணுவது என்றால் ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் மட்டத்தைப் பிடித்து நிறுத்துவது என்று இங்கே பொருள்.

மண்ணடுக்கு

மேல்மண்ணுக்குக் கீழே செங்கல் அறுக்க ஏற்ற மண்ணும், தேம்ஸ் ஆறு பழங்காலத்தில் விட்டுச்சென்ற சரளையும் உள்ளன. இல்ஃபோர்டில் இத்தகைய செங்கல் மண்குழி ஒன்றில்தான் 1864-இல் தந்தங்களோடு கூடிய மாமூத் யானையின் மண்டையோடு கிடைத்தது. சரளையில் ஊறும் நீர் ஆழமற்ற கிணறுகளுக்குப் போதுமானது. ஆனால் எளிதில் மாசடையும். அதற்கும் கீழே லண்டன் களிமண். நீர் எளிதில் புக முடியாத இந்த அடுக்கு, பானைமேல் வைத்த மூடிபோல் பாறையை மூடியிருக்கிறது. களிமண்ணைத் தாண்டி, மணற்படிவங்களுக்கு அடியில் சீமைச்சுண்ணாம்புப் பாறை வருகிறது.

இப்பாறை கிண்ணம்போல் வளைந்தது. அதன் விளிம்புகள் வடக்கே சில்டர்ன் குன்றுகளிலும் தெற்கே நார்த் டவுன்ஸ் குன்றுகளிலும் தரைக்கு மேலே தெரிகின்றன. அங்கே பெய்யும் மழை பாறை வெடிப்புகள் வழியே இறங்கி நகரின் அடிவரை வருகிறது. கோடை மழையின் பெரும்பகுதியை வெயிலும் செடிகொடிகளும் எடுத்துக்கொள்வதால், குளிர்கால மழையே நீர்த்தாங்கியை நிரப்புகிறது. வறண்ட குளிர்காலங்கள் அடுத்தடுத்து வந்தால் அவற்றின் பாதிப்பு மறு ஆண்டும் தொடரும்.

ஊரும் குடிநீரும்

ஏழு அரசர்கள் தங்கள் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிய ஓடை என்பது செவன் கிங்ஸ் என்ற பெயருக்கு ஊரார் சொல்லும் கதை. செயோஃபெகா என்பவரின் கூட்டத்தார் வாழ்ந்த இடம் என்பதே பெயராய்வாளர் தரும் விளக்கம். அந்த ஓடை, செவன் கிங்ஸ் வாட்டர் என்ற பெயரில் இன்றும் பூங்காவின் ஊடே ஓடி, லாக்ஸ்ஃபோர்டு வாட்டராகி, ரோடிங் ஆற்றில் கலக்கிறது.

1899-இல் ரயில் நிலையம் திறந்ததும் வயல்கள் வீட்டுமனைகளாயின. இல்ஃபோர்டின் மக்கள்தொகை 1901-இல் 41,234 ஆக இருந்து, பத்தே ஆண்டுகளில் 78,188 ஆனது. வட்டாரத்துக்குக் குழாய்நீர் தந்தது 1861-இல் அமைந்த சவுத் எசெக்ஸ் நீர் நிறுவனம். தேம்ஸ் கரையிலுள்ள கிரேஸ் ஊரின் சுண்ணப்பாறைக் குவாரிகளில் ஊறிய நீரே அதன் தொடக்ககால ஆதாரம்.

இன்று குடிநீர் வழங்குவது எசெக்ஸ் அண்டு சஃபோக் வாட்டர் நிறுவனம். அது பெரிதும் நம்பியிருப்பது ஆறுகளையும் நீர்த்தேக்கங்களையும். நார்ஃபோக்கின் டென்வரில் எடுக்கப்படும் நீர் சுரங்கக் குழாய்கள் வழியாகவும் ஆறுகள் வழியாகவும் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணித்து, அபர்ட்டன், ஹானிங்ஃபீல்டு நீர்த்தேக்கங்களை அடைகிறது. 1970-களின் தொடக்கத்தில் செயல்பாட்டுக்கு வந்த திட்டம் இது. அபர்ட்டனின் நீர்மட்டம் பின்னர் 3.2 மீட்டர் உயர்த்தப்பட்டு, கொள்ளளவு சுமார் 2,600 கோடி லிட்டரிலிருந்து 4,100 கோடி லிட்டராகக் கூட்டப்பட்டது. லீ பள்ளத்தாக்கின் நீரும் சிக்வெல் சுத்திகரிப்பு நிலையம் வழியே வருகிறது.

ஆற்றுநீரானாலும் அதில் சுண்ணாம்பு கரைந்தே இருக்கிறது. சில வாரம் தேநீருக்கு நீர் கொதிக்கவைத்த கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவு கட்டும்; வினிகர் ஊற்றினால் நுரைத்துக் கரையும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் சமைத்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. அங்கும் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல்தான்.

இறங்கிய மட்டம், ஏறிய மட்டம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களிமண்ணைத் துளைத்தால் நீர் தன் அழுத்தத்தாலேயே மேலெழும்பியது. 1840-களில் டிரஃபால்கர் சதுக்க நீரூற்றுகளுக்கும் ஆழ்கிணற்று நீரே பயன்பட்டது. மதுவடிப்பாலைகள், மருத்துவமனைகள், தொழிற்சாலைகள் என ஆளுக்கொரு கிணறு தோண்டியதால், 1960-களின் நடுப்பகுதியில் மத்திய லண்டனுக்கு அடியில் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு 88 மீட்டர் கீழே போனது. தேம்ஸ் கழிமுகத்தை ஒட்டிய பகுதிகளில் உவர்நீர் பாறைக்குள் புகுந்தது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் கடல்நீர் உட்புகுந்ததற்கும் அளவு மீறிய இறைப்பே காரணம்.

நீரெடுக்க உரிமம் கட்டாயம் என்றது 1963-ஆம் ஆண்டின் நீர்வளச் சட்டம். அதே காலத்தில் தொழிற்சாலைகளும் நகரைவிட்டு வெளியேறத் தொடங்கின. இறைப்பு குறைந்ததும் மட்டம் ஏறியது. 1990-களின் தொடக்கத்தில் சில இடங்களில் ஆண்டுக்கு 3 மீட்டர் வரை. நீர் குறைந்த காலத்தில் கட்டிய அடித்தளங்களுக்கும் சுரங்கப்பாதைகளுக்கும் இதுவே ஆபத்தானது: ஈரமேறிய களிமண் ஊதும், கட்டடத்தை அசைக்கும். தேம்ஸ் வாட்டர் நீர் நிறுவனம், லண்டன் சுரங்க ரயில் நிறுவனம், சுற்றுச்சூழல் முகமை ஆகியவை ஈடுபட்ட கார்டிட் குழு 1992-இல் உருவானது. எங்கே, எவ்வளவு கூடுதலாக இறைப்பது என்ற திட்டத்தை அது வகுத்தது. 2000-க்குப் பிறகு மட்டம் பெரும்பாலும் நிலைப்பட்டது.

இன்றைய நிலையும் வழிகளும்

2011-இல் 2.79 லட்சமாக இருந்த ரெட்பிரிட்ஜ் மக்கள்தொகை 2021-இல் 3.10 லட்சமானது. எசெக்ஸ் நீர்வழங்கு பகுதியைச் சுற்றுச்சூழல் முகமை கடும் நீர்நெருக்கடிப் பகுதியாக வகைப்படுத்தியுள்ளது. ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 140 லிட்டராக உள்ள வீட்டுப் பயன்பாட்டை 2050-க்குள் 110 லிட்டராக்குவதும், குழாய்க் கசிவைப் பாதியாக்குவதும் இங்கிலாந்தின் இலக்குகள். புது வீடுகள் 105 லிட்டருக்கு மேற்படாதவாறு வடிவமைக்கப்பட வேண்டும் என்கிறது 2021-ஆம் ஆண்டின் லண்டன் திட்டம். அருகிலுள்ள பெக்டனில் 2010-இல் திறக்கப்பட்ட உப்புநீக்கு ஆலை நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரும்படி வடிவமைக்கப்பட்டது. ஆனால் மின்செலவு அதிகம் என்பதால் அரிதாகவே இயங்குகிறது.

தமிழ்நாட்டில் 2003-இல் வீடுதோறும் கட்டாயமான மழைநீர் சேகரிப்பு, மணற்பாங்கான இடங்களில் கிணற்று மட்டத்தை ஏற்றியது. அதே முறை செவன் கிங்ஸில் ஆழத்துப் பாறைக்கு உதவாது; கூரையிலிருந்து இறங்கும் நீரைக் களிமண் தடுத்துவிடும். வடக்கு லண்டனில் தேம்ஸ் வாட்டர் வேறு வழியைக் கையாள்கிறது: நீர் மிகுந்த காலத்தில் சுத்திகரித்த குடிநீரைக் கிணறுகள் வழியே பாறைக்குள் செலுத்தி, வறட்சியில் திரும்ப எடுக்கிறது. செவன் கிங்ஸில் வீட்டுமுற்றத்தை மண்ணாகவே விட்டுவைப்பதன் பலன் வேறு. சரளைக்கு நீர் சேரும், ஓடையில் வெள்ளம் தணியும். முன்முற்றத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் நீர் புகாத தளம் போட்டு, வடியும் மழைநீரைத் தெருவில் விட, 2008 முதல் இங்கிலாந்தில் அனுமதி வேண்டும்.

நாளொன்றுக்கு 20,000 லிட்டருக்கு மேல் நிலத்தடி நீர் எடுக்கவும் உரிமம் தேவை. பாறையின் நீர்மட்டத்தைச் சுற்றுச்சூழல் முகமை தொடர்ந்து அளந்து அறிக்கை வெளியிடுகிறது. ஒரே நகரில் ஓரிடத்தில் உரிமம் கிடைப்பதும் இன்னோரிடத்தில் மறுக்கப்படுவதும் அந்த அளவைப் பொறுத்தே.