ஊர்ப் பள்ளிக்கூடமும் சேரிப் பள்ளிக்கூடமும்

தமிழ்நாட்டுப் பொதுக்கல்வியின் வரலாறு என்று இங்கே எழுதப்பட்டவை அநேகமாக ஒரே தடத்தில்தான் போகும். மன்றோவின் கணக்கெடுப்பு, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம், நீதிக்கட்சி, ராஜாஜியின் அரைநாள் பள்ளி, காமராசரின் மதிய உணவு. பாடப்புத்தகத்திலும் இதுதான், மேடையிலும் இதுதான். சேரிப் பிள்ளை எந்த வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது என்று இதில் தேடினால் கிடைக்காது. அது வந்த வழி வேற.

1822இல் கவர்னர் தாமஸ் மன்றோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிக்கூடம், யார் யார் படிக்கிறார்கள் என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பில் பள்ளிகளும் கல்லூரி எனப்பட்டவையும் சேர்த்து 12,498 என்று இருக்கிறது. வெள்ளைக்காரன் வருமுன்பே இங்கே கல்வி செழித்திருந்தது என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். தரம்பால் 1983இல் இதைப் புத்தகமாகவே போட்டார். சூத்திரப் பிள்ளைகள் கணிசமாகப் படித்தார்கள் என்பது அவர் வாதம். இருக்கட்டும். கணக்குத்தாளின் பத்திகளைப் பாருங்கள்: பிராமணர், வைசியர், சூத்திரர், மற்ற சாதியார், முஸ்லிம்கள். அந்த ‘மற்ற’வருக்குள் யார் யார் என்று தாள் சொல்வதில்லை. நமக்கென்று ஒரு பேர்கூட அதில் கிடையாது.

பேர் இல்லாதவன் உள்ளே போனால் எப்படி இருந்திருக்கும்? இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ ரொம்பச் சின்னப் புத்தகம். அதில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைச் சொல்கிறார். ஏறக்குறைய நானூறு பிள்ளைகளில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். தன் சாதியும் வீடு இருக்கும் இடமும் தெரிந்துவிடும் என்று பயந்து யாரோடும் பழகாமல் இருந்திருக்கிறார். மணியடிக்கும்வரை வெளியிலேயே நேரத்தைக் கழிப்பார். பள்ளி விட்டதும் மற்றவர்கள் பிடித்துவிடாதபடி வேகமாக வீட்டுக்கு நடப்பார். பின்னாளில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவர் இவர். தன் விளையாட்டு வயதை இப்படித்தான் கழித்திருக்கிறார். கல்வி வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கலாம்.

செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றிக் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் நில ஆணை வந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று மீட்கப் போராடுவது அதைத்தான். அடுத்த வருசமே பஞ்சமர் கல்விக்கும் ஓர் ஆணை வந்தது. நிலமும் படிப்பும் ஒரே கேள்வியின் இரண்டு கையாகத்தான் வந்தன. பிற்பாடு வந்தவர்கள்தான் பிரித்துவிட்டார்கள். 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறு பக்கத்தில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். கிறித்துவ மிஷன்காரர்கள் அதற்கு முன்பிருந்தே சேரிகளில் பள்ளி நடத்தி வந்தார்கள்.

சரி, அரசாங்கப் பணத்தில் நடந்த ஊர்ப் பள்ளிகள்? அவை சட்டப்படி எல்லாருக்கும் திறந்தவை. ஆனால் நடந்த இடம் அக்ரகாரம், கோயில் மண்டபம், ஊர்ச்சாவடி. அந்தத் தெருவிலேயே கால் வைக்க முடியாதவன் பள்ளிக்கு எங்கே போவது? வேண்டாம் என்று வாத்தியார் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய வேலையே இல்லை, தெருவே சொல்லிவிடும். 1919இல் அரசு இதைக் கண்டுகொண்டு, எல்லாரும் வரக்கூடிய இடத்துக்குப் பள்ளிகளை மாற்றச் சொன்னது. அசையவில்லை. பொதுச்சாலை, பொதுக்கிணறு எல்லாருக்கும் உரியது என்று 1924இல் சட்டசபையில் இரட்டைமலையார் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்ற வேண்டியிருந்தது என்றால் ‘பொது’வின் லட்சணத்தைப் புரிந்துகொள்ளலாம். பழைய பள்ளியின் கதவைத் திறப்பதைவிட சேரிக்குள் புதுப் பள்ளி கட்டுவது அரசுக்குச் சுலபமாக இருந்தது. லேபர் கமிஷனர் இலாகா அதைத்தான் செய்தது. லேபர் பள்ளிக்கூடம் பிற்பாடு ஹரிஜனப் பள்ளிக்கூடமாச்சு, அப்புறம் ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஆச்சு. போர்டு மாறியது, இடம் மாறவில்லை.

நான் படித்ததும் அப்படி ஒன்றில்தான். அந்தப் பேரை ஊரில் ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க, ‘காலனிப் பள்ளிக்கொடம்’தான். ஊர்த்தெருப் பிள்ளைகள் எங்க பள்ளி வாசலைத் தாண்டித்தான் பஸ் ஏறி அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போவாங்க. ஐந்து வருசத்தில் ஒரு பிள்ளைகூட உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை. அரசுப் பள்ளியில் தரம் இல்லை என்பதால் போகிறார்கள் என்று சொல்லக்கூடாது. அவர்கள் போனதும் அரசுப் பள்ளிதான்.

பல்கலைக்கழகத்தின் கதையைச் சிதம்பரத்தில் நின்று பார்க்கலாம். 1916இல் சுவாமி சகஜானந்தர் அங்கே நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். நந்தனார் உள்ளே போக நெருப்பில் குளிக்க வேண்டியிருந்த ஊர் அது. கொஞ்சம் அரிசி, கொஞ்சம் நன்கொடை என்று கேட்டு வாங்கி வளர்த்த பள்ளி. அதே ஊரில் 1920இல் மீனாட்சி கல்லூரி, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். செட்டிநாட்டு அரசரின் கொடையைப் பாராட்டி எழுதியவை ஏராளம். சாமியாரின் பள்ளியை எத்தனை கல்வி வரலாறு பேசுகிறது? 2013இல் அரசு பல்கலைக்கழகத்தைத் தன் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தது. நந்தனார் பள்ளியும் இன்று அரசுப் பள்ளிதான், ஆனால் ஆதிதிராவிடர் நலத்துறைக் கணக்கில்.

இப்போது இணைப்புப் பேச்சு வந்திருக்கிறது. எல்லாத் துறைப் பள்ளிகளும் பள்ளிக்கல்வித் துறையின்கீழ் வரும் என்று 2023 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அந்த வருசம் நாங்குநேரியில் தலித் மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியபிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம் என்று 2024இல் சொன்னது. 2025இல் விடுதிகளுக்குச் ‘சமூகநீதி விடுதி’ என்று பேர் வைத்தார்கள். பேர் போகட்டும், எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் இணைப்பு என்றால் யார் யாரிடம் வருவது? பிள்ளை குறைவு என்று எங்கள் பள்ளியை மூடி, சேரிப் பிள்ளையை ஊருக்குள் அனுப்புவதை மட்டும் இணைப்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஊர்ப் பிள்ளையும் காலனிக்குள் நடந்து வரவேண்டும். அவிநாசி பக்கம் அருந்ததியர் பெண் சமைத்த சத்துணவை எதிர்த்து 2018இல் சாதி இந்துக்கள் பள்ளி முன் திரண்டார்களே, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு நலப் பள்ளியிலும் பழைய சேர்க்கைப் பதிவேடு பீரோவுக்கு அடியில் கிடக்கும். முதன்முதல் பள்ளிக்கு வந்த நம் பாட்டன் பாட்டி பேர், அப்பன் தொழில், எந்த வகுப்பில் நின்றார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். துறை மாறும்போது இதையெல்லாம் பழைய பேப்பரில் போட்டுவிடுவார்கள். தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கிப் படம் எடுத்து வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னாடி செய்தால் நல்லது, கட்டிடங்கள் ஒழுகும்.