சைதாப்பேட்டைப் பண்ணையும் அறுவடை நாளின் உரிமையும்



தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலில் சைதாப்பேட்டையை நாள்தோறும் கடப்போர் பலர். தமிழகத்து வேளாண் ஆராய்ச்சி அவ்வூரில்தான் வேர்விட்டது என்பதை அறிந்தோர் சிலரே.

1860களில் ஆங்கிலேய அரசு அங்கே ஒரு சோதனைப் பண்ணையை நிறுவியது. நீராவிக் கலப்பை முதலான கருவிகள் கடல் கடந்து வந்திறங்கின. 1868இல் வேளாண் பள்ளியும் தொடங்கப்பெற்றது. ஆயினும் 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியபோது, அப்பண்ணையின் கருவிகள் எளிய உழவனைக் காக்கவில்லை. பல லட்சம் மக்கள் மாண்டனர். அந்நாளிலும் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தது.

அவ்வேளாண் கல்வி நிலையம் 1906இல் கோவைக்கு மாறியது. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதன் வழிவந்ததே. பின்னர் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம், ஜப்பானிய நெல்லையும் நம் நாட்டு நெல்லையும் இணைத்து உருவாக்கிய ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால ரகத்தை 1960களில் உழவர்க்கு அளித்தது. தஞ்சையின் குறுவை விளைச்சல் பெருகியது, களஞ்சியங்கள் நிறைந்தன. ஆனால் அதே தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வுப் பூசலின் முடிவில் 1968 டிசம்பர் 25 அன்று 44 உழைக்கும் மக்கள் தீக்கிரையாயினர். விளைச்சல் பெருகினாலும் உழைப்பவன் பங்கு தானே பெருகுவதில்லை என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டுமோ?

எம்.எஸ். சுவாமிநாதன் 1988இல் நம் தரமணியில் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்தபோது, அறிவியலின் பயன் ஏழையையும் பெண்களையும் சென்றடைய வேண்டும் என்பதையே அதன் நோக்கமாகக் கொண்டார்.

நம் மார்க்கம் இதற்கு முன்பே வழி வகுத்துள்ளது. அறுவடை நாளிலேயே விளைச்சலின் உரிமையைக் கொடுத்துவிடுமாறு திருக்குர்ஆன் பணிக்கிறது. மழையால் விளைந்ததில் பத்தில் ஒன்று. செலவிட்டு நீர் இறைத்து விளைவித்ததில் இருபதில் ஒன்று. உழவனின் செலவையும் கருத்திற்கொண்ட நீதி இது!

தாம்பரம், பல்லாவரம் பகுதிகளில் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றுக்குச் சொந்த ஊரில் இன்றும் நிலமுண்டு. ரமளானில் நகைக்கு ஜகாத் கணக்கிடும் நாம், வயலின் உஷ்ரை மறந்துவிடலாகாது. குத்தகை நிலத்தின் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டறிவோம். கூலியாட்களின் ஊதியத்தைத் தாமதமின்றி அளிப்போம்.

அல்லாஹ் நம் விளைச்சலிலும் ஈகையிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.