எதிர்கொள்ளல் சிகிச்சை

எதிர்கொள்ளல் சிகிச்சை என்பது அச்சமும் மனப்பதற்றமும் தரும் பொருளையோ சூழலையோ ஒருவர் தக்க துணையோடு, தாங்கக்கூடிய சிறு அளவில் தொடங்கி, படிப்படியாகச் சந்தித்துப் பழகும் உளவியல் சிகிச்சை. உயரம், கூட்டம், லிஃப்ட், நாய், ஊசி போன்றவற்றின் மீதான அச்சங்களுக்கும், திடீர்ப் பீதி, நாலு பேர் முன் பேச முடியாத பதற்றம், ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் ஆகியவற்றுக்கும் இன்று கையாளப்படுகிறது. பயந்ததை விட்டு விலகினால் அப்போதைக்கு நிம்மதி வரும்; அந்த நிம்மதியே அடுத்த முறையும் விலகச் சொல்லும். இப்படி இறுகிப்போன பழக்கத்தைத் தளர்த்துவதே இச்சிகிச்சையின் நோக்கம்.

முன்னோடிகள்

ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 1693இல் வெளியிட்ட குழந்தைக் கல்வி பற்றிய நூலில், தவளையைக் கண்டு அலறும் பிள்ளையை என்ன செய்வது என்று விளக்குகிறார். முதலில் தவளையைத் தள்ளி வைத்துப் பார்க்க மட்டும் பழக்க வேண்டும். பிறகு அது தாவுவதை அருகே நின்று பார்க்கலாம். பிறகு இன்னொருவர் பிடித்திருக்கையில் லேசாகத் தொடலாம். இன்றைய சிகிச்சையாளர் எழுதித்தரும் படிவரிசைக்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை.

ஜெர்மானியக் கவிஞர் கோத்தே 1770-71இல் ஸ்ட்ராஸ்பூர்கில் மாணவராக இருந்தபோது, உயரத்தில் வரும் தலைசுற்றலைப் போக்கிக்கொள்ள அந்நகரப் பேராலயக் கோபுரத்தில் தனியே ஏறினார். உச்சிக்குக் கீழே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்து, பிறகு துணிந்து வெளியே வந்து, குறுகலான மேடையில் நிற்பார். மனம் சலனமற்றுப் போகும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ததாகத் தன்வரலாற்றில் குறித்துள்ளார்.

திறந்தவெளி அச்சத்துக்கு பெர்லின் மருத்துவர் வெஸ்ட்பால் 1871இல் தனிப்பெயர் சூட்டினார். இவ்வகை அச்சம் உள்ளவர்களைத் தெருவில் இறங்க வைக்காமல் உளப்பகுப்பாய்வு மட்டும் செய்தால் போதாது என்று 1919இல் வெளியான உரையொன்றில் ஃப்ராய்டும் ஒப்புக்கொள்கிறார்.

பீட்டரும் முயலும்

இச்சிகிச்சையின் வரலாற்றில் மிக நுணுக்கமாகப் பதிவான பகுதி 1920களின் தொடக்கமே. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் வாட்சனும் ரோசலி ரெய்னரும் 1920இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஆல்பர்ட் என்று அவர்கள் குறிப்பிட்ட 11 மாதக் குழந்தை வெள்ளை எலியைத் தொடும்போதெல்லாம், பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் அடித்து ஓசை எழுப்பினர். குழந்தைக்கு எலியைக் கண்டாலே அழுகை வந்தது. முயலையும் மயிர்க்கோட்டையும் கண்டும் பயந்தது. அந்த அச்சத்தைப் போக்குமுன் குழந்தை அங்கிருந்து அழைத்துச் செல்லப்பட்டது. அக்குழந்தை யார், உடல்நலத்தோடு இருந்ததா என்பவை குறித்து ஆய்வாளர்களிடையே 2009 முதல் வெவ்வேறு கருத்துகள் நிலவுகின்றன.

ஊட்டிய அச்சத்தை நீக்க முடியுமா என்ற கேள்வியைக் கையில் எடுத்தவர் மேரி கவர் ஜோன்ஸ் (1896-1987). கல்லூரியில் ரெய்னரின் தோழியான இவர், வாட்சனின் ஆலோசனையோடு நியூயார்க் குழந்தைகள் இல்லமொன்றில் பணியாற்றினார். இதில் வாட்சனின் பங்கு எவ்வளவு, ஜோன்ஸின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் நாள்தோறும் குழந்தைகளோடு இருந்து குறிப்பெடுத்தவர் ஜோன்ஸ்தான்.

பீட்டர் என்று அவர் பெயரிட்ட சிறுவனுக்குத் தொடக்கத்தில் வயது 2 ஆண்டு 10 மாதம். எலி, முயல், மயிர்க்கோட்டு, இறகு, பஞ்சு எல்லாவற்றுக்கும் பயம். அவனைப் பயப்படாத பிள்ளைகளோடு விளையாட விட்டு, அதே அறைக்கு முயலைக் கொண்டுவந்தனர். தேறி வந்த வேளையில் அவனுக்குச் செங்காய்ச்சல் கண்டு ஏறத்தாழ இரண்டு மாதம் மருத்துவமனையில் கழிந்தது. வீடு திரும்பப் புறப்பட்டபோது பெரிய நாயொன்று அவன் மீதும் செவிலியர் மீதும் பாய வந்தது. பழைய பயம் முழுதும் திரும்பிவிட்டது.

ஜோன்ஸ் முதலிலிருந்து தொடங்கினார். பீட்டரை உயர நாற்காலியில் உட்காரவைத்து, அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் தின்பது தடைப்படாத தொலைவில் கூண்டோடு முயலை வைப்பார்கள். 12 அடியில் தொடங்கிய தொலைவு 4 அடியாகி, 3 அடியாகிக் குறைந்தது. பிறகு முயல் கூண்டுக்கு வெளியே வந்தது. பிறகு அவன் மடிக்கே வந்தது. நடுவில் ஒருமுறை முயலைத் தூக்கிச் சென்றபோது அது லேசாகப் பிராண்டியதில் சற்றுப் பின்வாங்கினான், விரைவிலேயே தேறினான். கடைசிப் படியில் முயல் தன் விரல்களைக் கொறிக்கவும் விட்டான். பஞ்சு, இறகு, மயிர்க்கோட்டு மீதான பயமும் போயிருந்தது. கடினமான வீட்டுச்சூழலுக்கே அவன் திரும்பினான் என்பதையும் ஜோன்ஸ் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

பீட்டரைப் பற்றிய கட்டுரை வந்த அதே 1924இல் வெளியான இன்னொரு கட்டுரையில் பல குழந்தைகளிடம் பல வழிகளைச் சோதித்ததை அவர் விவரிக்கிறார். கேலி செய்வது பயனளிக்கவில்லை. பயத்தை அப்படியே விட்டுவைத்தாலும் அது தானாக மறையவில்லை. ஒரு சிறுமிக்கு நாள்தோறும் முயல் கதையும் படமும் பொம்மையும் காட்டிப் பேசியும், நேரில் முயல் வந்ததும் பழைய பயமே வந்தது. விரும்பும் ஒன்றோடு சேர்த்துப் பழக்குவதும், பயப்படாத பிள்ளைகளைப் பார்க்கவிடுவதுமே ஐயமின்றிப் பலன் தந்தவை. பீட்டரிடம் இரண்டும் கலந்திருந்ததால், அவனைக் குணப்படுத்தியது தின்பண்டமா, கூட இருந்த பிள்ளைகளா என்பதை உறுதியாகக் கூற இயலாது. பயந்தவரைத் திட்டியும் புத்தி சொல்லியும் திருத்த முயலும் எவரும் படிக்க வேண்டிய கட்டுரை இது. இருப்பினும் இப்பணி முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிதும் கவனிக்கப்படாமல் கிடந்தது.

வோல்பேயும் பின்னரும்

தென்னாப்பிரிக்கரான ஜோசப் வோல்பே (1915-1997) இரண்டாம் உலகப்போரில் மனம் கலங்கிய படைவீரர்களுக்குச் சிகிச்சை அளித்தவர். அப்போதைய முறைகளில் நிறைவு காணாமல், விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் பூனைகளை வைத்து ஆராய்ந்தார். சிகாகோ மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சனின் தசைத் தளர்வுப் பயிற்சியை மேற்கொண்டு, நோயாளி தம் அச்சங்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை பட்டியலிட்டு, உடல் தளர்ந்த நிலையில் ஒவ்வொன்றாக மனத்தில் காணும் முறையை வகுத்தார். பதற்றத்தை 0 முதல் 100 வரை நோயாளியே மதிப்பிடும் அளவுகோலும் அவர் தந்ததே. 1958இல் வெளியான தம் நூலில், சுமார் 210 பேரில் ஏறக்குறைய 90 விழுக்காட்டினர் தேறியதாக அவர் கூறினார். ஒப்பீட்டுக் குழு இல்லாததால் இக்கணக்கை எல்லோரும் ஏற்கவில்லை. ஜோன்ஸை நடத்தைச் சிகிச்சையின் தாய் என்று போற்றியவரும் இவரே.

தளர்வுப் பயிற்சி கட்டாயமில்லை, எதிர்கொள்வதே முக்கியம் என்ற கருத்து லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் ஐசக் மார்க்ஸ் முதலியோரின் ஆய்வுகளால் வலுப்பெற்றது. மனநல மருத்துவர் ஆரன் பெக்கின், எண்ணங்களைச் சீராக்கும் அறிவாற்றல் சிகிச்சையோடு கலந்து இது இன்றைய வடிவம் பெற்றது. பழைய அச்சம் அழிவதில்லை, அதன் மேல் புதிய கற்றல் படிகிறது என்பது இப்போது பலர் ஏற்கும் விளக்கம். நாய் பாய்ந்ததும் பீட்டருக்குப் பயம் திரும்பியதை இது ஓரளவு விளக்கும்.

அண்மைக்காலம்

உயர அச்சத்துக்கு மெய்நிகர்க் காட்சிகளைப் பயன்படுத்திய ஆய்வு 1995இல் வெளியானது. இங்கிலாந்து 2008 முதல் இம்முறையும் உள்ளடங்கிய பேச்சுச் சிகிச்சையைப் பொது மருத்துவச் சேவையில் விரிவாக்கியது. இந்தியாவில் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 அரசு மனநலச் சேவையைப் பெறும் உரிமையை அளிக்கிறது. 10 அக்டோபர் 2022இல் தொடங்கிய டெலி மானஸ் உதவியெண் 14416இல், கட்டணமின்றி, இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் ஆலோசனை பெறலாம்.