சுகாதாரத் திட்ட மதிப்பீடு: திண்டுக்கல் பகுதி

ஒரு நலத்திட்டம் எண்ணிய பலனைத் தந்ததா என்று அளந்து பார்ப்பது மதிப்பீடு. ஆள், பணம், மருந்து, வண்டி ஆகியவற்றை எங்கே வைப்பது என்று பொதுச் சுகாதாரத் துறை அதை வைத்து முடிவெடுத்தால்தான் அளந்ததற்குப் பயன். தமிழ்நாட்டில் இந்த வழக்கம் முளைத்த இடங்களுள் ஒன்று, திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில் உள்ள காந்திகிராமம்.

டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமத்தில், 1959இல் முன்னோடிச் சுகாதாரத் திட்டம் ஒன்று உருவானது. மத்திய, மாநில அரசுகளோடு ஃபோர்டு அறக்கட்டளையும் இதற்குத் துணைநின்றது. களம் ஆத்தூர் வட்டாரம். (இது சேலம் மாவட்டத்து ஆத்தூர் அன்று, திண்டுக்கல் நகருக்குக் குடிநீர் தரும் காமராசர் அணை உள்ள ஆத்தூர். அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது; திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்.) சின்னாளபட்டி நெசவாளர் குடும்பங்கள் முதல் மலையடிவாரச் சிற்றூர்கள் வரை இதில் அடங்கின. வேலை செய்வோரும் அளப்போரும் ஒரே வளாகத்தில் இருந்ததே இத்திட்டத்தின் தனித்தன்மை. திட்டம் முடிந்தபின் யாரோ வந்து எழுதிய அறிக்கையாக இல்லாமல், நடக்கும்போதே கணக்கு கைக்கு வந்தது. ஆயிரம் பேருக்கு 40க்கு மேலிருந்த பிறப்பு வீதம், பத்தாண்டுக்குள் 30க்குக் கீழே வந்தது. கே. ஏ. பிஷாரோட்டி முதலியோர் இதை 1972இல் ‘ஆத்தூர் அனுபவம்’ என்னும் பொருள்படும் ஆங்கில நூலாக்கினர். மாநிலம் முழுமைக்கும் இதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதே அந்நூலின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் ஆத்தூருக்குக் கிடைத்த ஆள்பலமும் கவனிப்பும் பிற வட்டாரங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே அந்த எண்களைப் படிக்க வேண்டும்.

1964இல் நிறுவப்பட்ட காந்திகிராம கிராமிய சுகாதார, குடும்பநல நிறுவனம் மத்திய அரசின் மக்கள்தொகை ஆய்வு மையங்களுள் ஒன்றாகவும் இயங்குகிறது. 1992இல் தமிழ்நாட்டில் நடந்த முதல் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்த மையம் பங்கேற்றது.

மதிப்பீடு நேரடியாக முடிவாக மாறியதற்கு நல்ல எடுத்துக்காட்டு தாய் இறப்புத் தணிக்கை. துறைக்குள் இதற்கு ‘டெத் ஆடிட்’ என்றே பெயர். 1990களின் நடுவில் தமிழ்நாடு இதைத் தொடங்கியது. கர்ப்ப காலத்திலோ பேற்றின்போதோ அதன்பின் 42 நாளுக்குள்ளோ ஒரு பெண் இறந்தால், அதைத் தெரிவிப்பது கட்டாயம். குழு ஒன்று வீட்டுக்குப் போய் விசாரிக்கும். மருத்துவமனைப் பதிவுகளையும் பார்க்கும். பிறகு மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூட்டம். அங்கே இறந்தவரின் உறவினரும் பேசலாம். மருத்துவர்கள் எதிரே அமர்ந்திருக்க, ‘எத்தனை மணிக்கு வண்டி வந்தது, எங்கே திருப்பி அனுப்பினார்கள்’ என்று கணவனோ தாயோ சொல்வது, எந்தப் படிவத்திலும் அடங்காத சான்று.

கேட்பது மூன்று தாமதங்களைப் பற்றி: மருத்துவமனைக்குப் போக முடிவெடுத்ததில், போய்ச் சேர்ந்ததில், சேர்ந்தபின் சிகிச்சை தொடங்கியதில். வேடசந்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இரவில் வலி கண்ட பெண், ஆரம்ப சுகாதார நிலையம், திண்டுக்கல் அரசு மருத்துவமனை, மதுரை இராசாசி மருத்துவமனை என மூன்று வாசல் ஏறினால், ஒவ்வொரு வாசலிலும் போன நேரம் தனித்தனியே கணக்கில் வரும். இப்படி மாநிலமெங்கும் திரண்ட முடிவுகள் துறையின் கையைப் பிடித்து இழுத்தன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர் முறைவைத்து 24 மணி நேரமும் பேறு பார்த்தனர். ‘சீமாங்’ எனப்படும் அவசரப் பேறுகால மையங்களும் இரத்தச் சேமிப்பு வசதியும் வந்தன. எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு மயக்க மருந்துப் பயிற்சி தரப்பட்டது. 2008இல் 108 வண்டி ஓடத் தொடங்கியது. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 2001–03இல் 134ஆக இருந்த மாநிலத் தாய் இறப்பு விகிதம், 2018–20இல் 54 ஆனது. தணிக்கையால் மட்டுமே குறைந்தது என்று சொல்ல முடியாது. பெண் கல்வி, சாலை, திருமண வயது எல்லாவற்றுக்கும் பங்குண்டு. தணிக்கை காட்டிக் கொடுத்தது ஓட்டை எங்கே என்பதை.

ஊழியர்கள் தண்டனைக்கு அஞ்சினால் இந்தத் தணிக்கை முறை செத்துவிடும். குறிப்பேட்டைத் திருத்துவதும், ‘கடைசி நேரத்தில் கொண்டுவந்தார்கள்’ என்று குடும்பத்தின் மேல் பழி போடுவதும் அப்போது எளிது. பெயர் வெளியிடாமல், குற்றம் சாட்டாமல் விசாரிக்க வேண்டும் என்று தேசிய வழிகாட்டுதல் வற்புறுத்துவது இதனால்தான்.

காசநோயிலும் இதே வழி பின்பற்றப்படுகிறது. இறப்புகளை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் நேர்வது தெரிந்தது. அதன்பேரில் சென்னை நீங்கலாகப் பிற மாவட்டங்களில் 2022இல் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கப்பட்டது. நோய் உறுதியான உடனேயே எடை–உயர விகிதம், கால் வீக்கம், மூச்சின் வேகம், இரத்த ஆக்சிஜன், பிடிமானமின்றி நிற்கும் திறன் ஆகியவற்றை ஊழியர் பார்க்கிறார். நிலை மோசமானவர் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பப்படுவதில்லை. உள்நோயாளியாகச் சேர்க்கப் பரிந்துரைக்கப்படுகிறார். இந்தச் சோதனைகளுக்கு எக்ஸ்ரேயோ ஆய்வகமோ வேண்டியதில்லை.